தூதுவர் படமும் அதன் கீழெழுத்தும்

எமது கல்லூரியின் யூபிலி ஆண்டையொட்டிப் பிரார்த்தனை மண்டபத்தின் வடபுறச் சுவரில் தைலவண்ண உருவப்பட வரிசையொன்று அமைத்தல் வேண்டும் என்றும், அவ்வரிசையிலே கல்லூரியைத் தாபித்த பெரியார்களோடு, பிறநாடுகளில் இலங்கையின் பிரதிநிதிகளாய்ப் பணிபுரிந்த பழைய மாணவர்களுக்கும் இடமளித்தல் வேண்டும் என்றும், சங்கத்தின் சென்ற பொதுக்கூட்டத்தில் ஒரு பிரேரணை கொண்டுவரப்பட்டமை அன்பர்கள் அறிந்ததே. முன்மொழிந்தவர், ஸ்தானிகராலயங்களின் வரவேற்பு மண்டபங்களிலே முன்னாள் தூதுவர்களின் உருவப்படங்கள் மாட்டப்பட்டிருக்கும் மரபை எடுத்துக்காட்டி, நமது கல்லூரிக்கும் அத்தகைய கம்பீரம் வேண்டாமோ என வினவினார். எதிர்த்தவர்கள் செலவைச் சொன்னார்கள். செலவைப் பற்றியே வாதம் நீண்டு, தேநீர் வேளை வந்ததும் விடயம் ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைக்கப்பட்ட விடயம் ஒன்றைப் பற்றி மலரிலே எழுதுதல் முறையோ என்று சிலர் கேட்கக்கூடும். வாக்கெடுப்புக்கு முன்னர் எழுதாது பின்னர் எழுதுவதாற் பயன் யாதென்பதே எமது மறுமொழி.

படம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தூதுவர் ஒருவரின் உருவப்படம் என்பது எத்தகைய பொருள், அதனைப் பேணுவோர் எதனைப் பேணுகின்றனர் என்பதைச் சிறிது ஆராய்ந்த பின்னரே சுவரில் ஆணி அடித்தல் வேண்டும் என்பதே எமது கருத்து. அதற்கு ஒரு பழங்கதை துணைபுரியும். கதை என்றோமாயினும் நடந்த செய்தியே அது. அதன் தொடக்கம் நம்மவர்க்கு அணித்தாகிய புதுச்சேரித் துறைமுகத்தில் நிகழ்ந்தது.

மைசூரை ஆண்ட திப்பு சுல்தான், ஆங்கிலேயருக்கு எதிராகப் பிரெஞ்சு அரசின் படைத்துணையை வேண்டி, 1787 ஆம் ஆண்டிலே மூன்று தூதுவர்களைப் புதுச்சேரியிலிருந்து கப்பலேற்றினார். முகம்மது தர்வீஷ் கான், அக்பர் அலி கான், முகம்மது உஸ்மான் கான் என்பன அவர்தம் பெயர்கள். ஏறக்குறைய ஓராண்டு கடலிலும் துறைகளிலும் கழித்து, 1788 யூன் மாதத்தில் பிரான்சின் தென்கரையிலுள்ள தூலோன் துறையை அடைந்தனர். வழிநெடுகிலும் ஊர்கள் அவர்களைக் காணத் திரண்டன. பாரிசு நகரத்தார் பித்துப்பிடித்தார்போல் ஆயினர். அவர்கள் நாடகசாலைக்குச் சென்றால் நாடகத்தைப் பார்ப்பார் இல்லை. சென் குளூ பூங்காவில் உலவினால் அங்கே ஊர் கூடிற்று. செவ்ர் பீங்கான் தொழிற்சாலையைச் சார்ந்த ஓவியர் ஒருவர் அவ்வுலாவையே ஒரு படமாக எழுதிவைத்தார்.

1788 ஓகஸ்ட் 10 ஆம் திகதி வெர்சாய் மாளிகையில் பதினாறாம் லூயி மன்னர் அவர்களுக்குப் பேட்டி அளித்தார். மரியாதைகளுக்குக் குறைவில்லை. ஆயின் கேட்ட படை கிடைக்கவில்லை. 1783 இல் ஆங்கிலேயரோடு செய்த உடன்படிக்கையை முறிக்கப் பிரெஞ்சு அரசு துணியவில்லை. துணிந்திருப்பினும் கையிற் காசில்லை. பேட்டி நிகழ்ந்து ஆறே நாட்களில், அதாவது 16 ஆம் திகதி, பிரான்சின் திறைசேரி தன் கொடுப்பனவுகளை நிறுத்திவைக்க நேர்ந்தது என்பதைக் கருதினால், படைத்துணை கேட்கப் போனவர்கள் எத்தகைய வீட்டு வாசலில் நின்றார்கள் என்பது விளங்கும். கிடைத்தவை பீங்கான் கலங்களும் அன்பான சொற்களுமே.

இத் தூது முற்றாய் மறக்கப்பட்டிருத்தல் கூடும். மறக்கப்படாமைக்குக் காரணம் ஒரு பெண்மணி. எலிசபெத் விஜே லெ பிரன் என்பார் அரசி மரீ அந்துவானெத்தின் விருப்பத்துக்குரிய ஓவியர். அப்போது அவருக்கு வயது முப்பத்துமூன்று. நாடகசாலையிலே தூதுவர்களைக் கண்ட அவர், அவர்தம் வெண்கல நிற முகங்களையும், பொற்பூக்கள் சிதறிய வெண்மசிலின் அங்கிகளையும் எழுதியே தீர்வது என்று முடிவுசெய்தார். மன்னர் கேட்டுக்கொண்டாலன்றி இசையோம் என்றனர் தூதுவர். மன்னரின் வேண்டுகோளும் வந்தது. ஓவியர் வண்ணங்களையும் துணியையும் எடுத்துக்கொண்டு அவர்கள் தங்கியிருந்த இல்லத்துக்கே சென்றார். அவர்கள் பன்னீர் தெளித்து அவரை வரவேற்றனர். உணவுக்கும் அழைத்தனர். நிலத்தில் அமர்ந்து கையால் உண்ணவும் கையால் பரிமாறவும் கண்டு வியந்ததாக அம்மையார் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கின்றார். நமக்கு அதில் வியக்க ஒன்றுமில்லை. ஒரு பிரெஞ்சு அம்மையார் அவ்வாறு அமர்ந்து உண்டதே நாம் வியக்கத்தக்கது.

தர்வீஷ் கானை நின்ற கோலத்தில், வாளின் பிடியிற் கைவைத்தவராக, முழு உருவமாய் எழுதினார். உயரம் ஏழு அடிக்கு மேற்பட்ட பெரும் படம் அது. பார்ப்போர் அவரைக் கீழிருந்து அண்ணாந்து நோக்குமாறு அமைந்துள்ளது. கெஞ்ச வந்தவரின் தோற்றம் அதில் எள்ளளவும் இல்லை. உஸ்மான் கானை அமர்ந்த நிலையில், அருகே அவர் மகனோடு, வேறொரு துணியில் எழுதினார்.

இனி வருவதே நாம் சொல்லக் கருதிய பகுதி. வண்ணம் உலரும்பொருட்டுப் படங்களைத் தூதுவர் இல்லத்திலேயே விட்டுவந்த ஓவியர், சிலநாள் கழித்து அவற்றைக் கேட்டு ஆளனுப்பினார். தர்வீஷ் கான் கொடுக்க மறுத்துவிட்டார். படத்தைத் தம் கட்டிலின் பின்னே மறைத்துவைத்துக்கொண்டு, இதற்கு இன்னும் ஓர் ஆன்மா வேண்டியிருக்கின்றது என்று காரணமும் சொன்னாராம். மீண்டும் கேட்டபோதும் அதே மறுமொழி. ஈற்றில் அம்மையார் ஒரு சூழ்ச்சி செய்து படத்தை வெளியே எடுப்பித்துவிட்டார். படத்தைக் காணாத தூதுவர் தம் பணியாளன்மீது ஐயுற்று அவனைக் கொல்லப் புகுந்தார். பாரிசு நகரிலே பணியாளரைக் கொல்லும் வழக்கமில்லை என மொழிபெயர்ப்பாளர் எடுத்துரைத்தும் அவர் அடங்கவில்லை. படத்தைக் கேட்டவர் மன்னரே என்று ஒரு பொய் சொல்லித்தான் அவ்வேழையின் உயிரைக் காக்க முடிந்தது.

இதனை ஐரோப்பியர் நகைச்சுவைக் கதையாகவே சொல்லிவந்தனர். கீழைத்தேயத்தான் ஒருவனின் மூடநம்பிக்கை என்று சிரித்து மேலே செல்வர். நாமும் முதன்முறை படித்தபோது சிரித்தோம் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அச் சொல்லின் பொருளை எமக்கு விளக்கியவர், நூல்கள் எதனையும் எழுதாத ஒருவர். தெமட்டகொடையில், புகையிரதப் பாதைக்கு அணித்தாக, படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்த முஸ்லிம் முதியவர் அவர். சுவாமி படம், மணமக்கள் படம், மறைந்தார் படம் என எல்லா மதத்தினருடைய படங்களுக்கும் சட்டம் போட்டவர். தம் வீட்டுச் சுவரிலோ மனித உருவம் எதனையும் மாட்டாதவர். தர்வீஷ் கான் கதையை நாம் சொல்ல, அவர் சிரிக்கவில்லை. “உருவத்தை வரைந்தவனிடம், அதற்கு உயிரைக் கொடு என்று மறுமையிலே கேட்கப்படும் என்பது எங்கள் நபிமொழி, தம்பிமாரே. அந்த மனிதர் விளையாட்டாகச் சொல்லியிருக்கமாட்டார். தன் முகத்தை இன்னொருவர் எடுத்துக்கொண்டு போவது அவருக்குப் பயமாக இருந்திருக்கும்,” என்றார்.

இது எம்மைச் சிந்திக்கவைத்தது. உருவத்துக்கு உயிர் வேண்டும் என்னும் எண்ணம் நமக்கு மட்டும் புதிதா? சிற்பி உளிகொண்டு முடித்த விக்கிரகம், கண் திறக்கப்பட்டுப் பிராணப் பிரதிட்டை செய்யப்படும்வரை கல்லே என்பது நம் கோயில் மரபு. நம் நாட்டுப் பௌத்த விகாரைகளிலும் அவ்வாறே. கண்ணெழுதும் சிற்பி திருவுருவை நேரே நோக்காது கண்ணாடியிற் பார்த்து எழுதும் வழக்கத்தைக் கொழும்பிலே 1877 இற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி அவர்கள், 1908 இல் வெளியிட்ட தம் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் விரித்துரைத்துள்ளார். ஆக, உருவத்தை வெறுத்து ஒதுக்கிய சமயத்தாரும், உருவத்தை வணங்கும் சமயத்தாரும், வரைந்து முடித்ததனால் மட்டும் ஓர் உருவம் நிறைவெய்துவதில்லை என்ற அளவில் ஒன்றுபடுகின்றனர். பாரிசு அம்மையார் ஒருவரே, வண்ணம் உலர்ந்தால் வேலை முடிந்தது என்று கருதினார்.

அப்படம் பின்னர் கண்டவற்றையும் சுருங்கச் சொல்வோம். 1789 யூலையில் பஸ்தில் சிறை வீழ்ந்தது. அடுத்த மாதமே லூவர் மாளிகையில் திறந்த ஆண்டுக் கண்காட்சியிலே தர்வீஷ் கான் படம் தொங்கிற்று. ஒக்டோபரில் ஓவியர் நாட்டை விட்டோடினார். 1793 இல் மன்னரின் தலை போயிற்று. 1799 மே 4 ஆம் திகதி திப்பு சுல்தான் சீரங்கப்பட்டணக் கோட்டை வாயிலில் வீழ்ந்துபட்டார். அனுப்பியவரும் வரவேற்றவரும் ஒழிந்தபின், இடையே நின்ற தூதுவரின் படம் மட்டும் கைமாறிக் கைமாறி நிலைபெற்று, 2019 ஜனவரியில் நியூயோர்க் நகரிற் சொதேபி ஏலக்கூடத்திலே எழுபது இலட்சம் டொலருக்கு மேற்பட்ட விலைக்குப் போயிற்று. பண்டைய பெண் ஓவியர் எவரது படத்துக்கும் அதுவரை கிட்டாத விலை அது என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. ஓவியரின் புகழை எழுதின, விலையை எழுதின. அம் மனிதர் எதன்பொருட்டு அவ்வளவு தூரம் கடல் கடந்தார், அது என்னவாயிற்று என்பதற்கு அவற்றுள் பல இரண்டு வரியே ஒதுக்கின.

உருவப்படத்தின் உரிமை எழுதியவர்க்கா, எழுதப்பட்டவர்க்கா, கேட்ட மன்னர்க்கா, விலைகொடுத்தவர்க்கா என வழக்கறிஞராயுள்ள எம் பழைய மாணவர்கள் வாதிடலாம். சட்டம் எப்படியாயினும், தூதுவர் படத்தைப் பொறுத்தவரை ஒரு தனித்தன்மை உண்டு. கவிஞர் படத்துக்கு அவர் கவிதைகள் சான்று. மன்னர் படத்துக்கு அவர் ஆண்ட நாடு சான்று. தூதுவரோ பிறர் சொல்லைச் சுமந்து செல்பவர். சொல் சேர்ந்ததும் அவர் வேலை முடிகின்றது. அவர் சுமந்த சொல் இன்னதென்று படத்தின் கீழ் எழுதப்படாவிட்டால், எஞ்சுவது நல்ல உடையணிந்த ஒருவரின் தோற்றமே. தர்வீஷ் கான் கேட்ட ஆன்மாவை, சமயத்தை விட்டு உலகியலாய்ப் பொருள்கொள்வதானால், கீழெழுத்து என்றே நாம் கொள்வோம்.

இது மிகைக்கூற்றன்று என்பதற்கு ஐரோப்பாவிலேயே சான்று உண்டு. இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் ‘தூதுவர்கள்’ என்னும் பெயரோடு விளங்கும் புகழ்பெற்ற படத்தை ஹொல்பைன் என்னும் ஓவியர் 1533 இல் எழுதினார். இருவர் நிற்கின்றனர், நடுவே பூகோள உருண்டைகள், இசைக்கருவிகள், நூல்கள், அடியிலே, ஓரமாய் நின்று பார்த்தாலன்றி விளங்காத ஒரு மண்டையோடு. அவருள் ஒருவருக்கு வயது 29 என்பது அவர்தம் குறுவாள் உறையிலே எழுதப்பட்டிருக்கின்றது. வயதை எழுதினார்களேயன்றிப் பெயரை எவரும் பார்க்குமிடத்தில் எழுதினாரில்லை. 1890 இல் ஓவியக்கூடம் அதனை வாங்கியபோது, இவர்கள் யார் என்பதில் அறிஞர்களுக்குள்ளே பெரும் சச்சரவு. மேரி ஹெர்வி என்னும் அம்மையார், பதினேழாம் நூற்றாண்டுத் தோற்சுவடித் துண்டு ஒன்றின் துணையோடு, ஒருவர் எட்டாம் ஹென்றியிடம் பிரெஞ்சுத் தூதுவராய் வந்த ழான் த தாந்த்வில், மற்றவர் அவர் நண்பர் ழோர்ஜ் த செல்வ் என்று 1900 இல் நூலெழுதி நிறுவினார். முந்நூற்றறுபது ஆண்டு கழித்து ஒரு துண்டுத் தாளால் மீட்கப்பட்ட பெயர்கள்! அத்துண்டும் அழிந்திருந்தால், உலகின் தலைசிறந்த படமொன்றில் நிற்போர் இன்றும் ‘இரு கனவான்கள்’ ஆகவே இருப்பர்.

நம்மவரின் வழி வேறாக இருந்தது. தூதைச் சொல்லிலே பேணினோம். வள்ளுவர் தூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையாரின் முகம் எப்படியிருந்தது என்பதை எவரும் அறியார். அவர் அங்கே ஆற்றிய செயலைப் பாடசாலைப் பிள்ளையும் அறியும். உருவத்திற் பேணிய இடங்களும் இல்லாமலில்லை. காஞ்சிபுரத்துத் திருப்பாடகத்தில், பாண்டவர்க்காகத் தூது சென்ற கண்ணன், அமர்ந்த கோலத்தில் பேருருவாய்ப் பாண்டவதூதப் பெருமாள் என்னும் பெயராலேயே வணங்கப்படுகின்றார். அங்கே உருவத்தோடு செயலும் பெயரிலேயே பொருந்திவிட்டது. அத்தூதும் தோற்ற தூதே என்பதை அன்பர்கள் நினைவிற் கொள்க. தோற்ற தூதரைக் கோயிலில் இருத்திய இனத்தவர்க்குத் தர்வீஷ் கானின் தோல்வி குறைவாய்த் தோன்றவேண்டுவதில்லை.

இனி, இப்பேச்சுக்கும் நம் கொழும்புக்கும் தொடர்பென்ன என்போர்க்கு இரண்டு செய்திகளைச் சொல்வோம். முதலாவது, நாம் வாழும் தெமட்டகொடையிலிருந்து சில மைல் தூரத்திலுள்ள கோட்டேயைப் பற்றியது. கோட்டே மன்னன் ஏழாம் புவனேகபாகு, தன் பேரன் தர்மபாலனுக்கே முடியுரிமை என்பதைப் போர்த்துக்கல் மன்னனைக் கொண்டு உறுதிப்படுத்தக் கருதி, அக்குழந்தையின் உருவத்தைப் பொன்னில் வார்ப்பித்து, ஒரு பண்டிதர் தலைமையிலே தூதுக்குழுவோடு லிஸ்பனுக்கு அனுப்பினான். 1543 இல் அங்கே அப் பொன்னுருவுக்கு முடி சூட்டப்பட்டது. தூதுவர் ஓர் உருவத்தைச் சுமந்து சென்றார். அவ்வுருவம் அரசனாக நின்று முடிதரித்தது. உருவத்துக்கு உயிருண்டா என்ற கேள்விக்கு இதைவிட வியத்தகு விடை வேறு எந்நாட்டு வரலாற்றிலும் நாம் கண்டதில்லை. அம் முடிசூட்டைச் செதுக்கிய யானைத்தந்தப் பேழை யேர்மனியின் மியூனிக் நகர அரண்மனைக் கருவூலத்திலே இருக்கின்றது. தர்மபாலன் பின்னர் 1557 இல் ஞானஸ்நானம் பெற்று, 1580 இல் நாட்டையே போர்த்துக்கேயருக்கு எழுதிக்கொடுத்தது வேறு கதை. தொடக்கம் அத்தூது.

இரண்டாவது கொழும்புக் கோட்டையிலேயே நிகழ்ந்தது. 1766 உடன்படிக்கையினால் இலங்கையின் கரையோரம் முழுவதையும் தமதாக்கிக்கொண்ட ஒல்லாந்தரின் ஆளுநர் இமான் வில்லம் பால்க், கொழும்பிலேயே பிறந்தவர். கண்டியிலே அப்போது ஆண்டவன் நாயக்கர் குலத்துக் கீர்த்தி சிறீ இராசசிங்கன். 1772 இல் அம்மன்னனின் தூதுவர்க்குப் பால்க் அளித்த பேட்டியை ரைமர் என்பார் வண்ணப்படமாக எழுதினார். அம்ஸ்ரடாம் நகரின் றைக்ஸ் அரும்பொருட்சாலையில் அது உள்ளது. படத்தின் தலைப்பு ஆளுநரின் பெயரை முழுமையாகச் சொல்கின்றது. மற்றவர்களைக் ‘கண்டி அரசனின் தூதுவர்’ என்ற அளவில் நிறுத்திவிடுகின்றது. கரையை இழந்த அரசன் சார்பிலே கரையைக் கொண்டவனின் மண்டபத்துக்குள் நடந்து சென்றவர்கள் அவர்கள். அந்நடைக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

இவ்விரு படைப்புகளும் நம் நாட்டின் தூதுகளைக் காட்டுவன. இரண்டும் நம் நாட்டில் இல்லை. அவற்றைத் திருப்பிக் கேட்பது அரசாங்கங்களின் காரியம். அதுபற்றி எமக்குக் கருத்துண்டாயினும் யூபிலி மலர் அதற்கு இடமன்று. ஆனால் ரைமரின் படம் உட்படத் தன் சேகரிப்பிலுள்ள எண்ணற்ற படங்களின் பிரதிகளை எவரும் கட்டணமின்றிப் பெற்றுப் பயன்படுத்த அம்ஸ்ரடாம் அரும்பொருட்சாலை வழிசெய்திருக்கின்றது. அச்சடிக்கும் கூலியும் சட்டம் போடும் கூலியுமே நமக்குச் செலவு.

இங்கே நம் கல்லூரியைச் சார்ந்த ஒரு செய்தியையும் மறைக்காது சொல்லவேண்டும். முன்னர்க் குறிப்பிட்ட தெமட்டகொடைச் சட்டக் கடைக்கு, 1983 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், கல்லூரியிலிருந்து ஒரு தைலவண்ணப் படம் சட்டம் மாற்றுவதற்காக அனுப்பப்பட்டிருந்தது. அவ்வாண்டு யூலையில் நடந்தவற்றை இம்மலரைப் படிப்போர்க்கு நாம் சொல்லவேண்டுவதில்லை. கொடுத்தவர் நாட்டை விட்டுப் போய்விட்டார். பற்றுச்சீட்டும் அவரோடு போயிற்று. கடைக்காரர், உருவப்படத்தைத் தம் வீட்டில் மாட்டாத அப்பெரியவர், அதனை ஒரு வெள்ளைத் துணியிற் சுற்றிக் கடையின் மேல்மாடியில் பதினெட்டு ஆண்டு வைத்திருந்து, கல்லூரியைச் சார்ந்தோர் இவ்வயலில் இருக்கின்றனர் என அறிந்தபோது எம்மிடம் ஒப்படைத்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

படம் பழுதுபடவில்லை. தலைப்பாகை, கறுப்புக் கோட்டு, கையில் ஒரு சுருள், பின்னே ஒரு தூண், நல்ல கைத்திறன். ஆனால் அவர் யார்? முன்புறத்திலும் எழுத்தில்லை, பின்புறத்திலும் எழுத்தில்லை. மூத்த பழைய மாணவர் மூவரிடம் காட்டினோம். ஒருவர், கல்லூரிக்கு நிலம் வழங்கிய வள்ளல் என்றார். மற்றொருவர், மலாயாவுக்கு நம் நாட்டின் சார்பிற் சென்ற பிரமுகர் என்றும், கையிலுள்ள சுருள் அவருக்கு அளிக்கப்பட்ட நியமனப் பத்திரம் என்றும் அடித்துக் கூறினார். மூன்றாமவர், அப்படம் நம் கல்லூரியதே அன்று என்றார். மூவரும் இன்று இல்லை. படம் இப்போது நூலக அலுமாரியின் மேலே சுவரோடு திருப்பிவைக்கப்பட்டிருக்கின்றது. முகத்தைக் காட்டி வைத்தால் மாணவர் கேட்கின்றனர். ஆசிரியர்க்குச் சொல்லத் தெரியவில்லை.

எதிர்ப்பிரேரணை ஒன்றை நாம் எழுதுவதற்கு இதுவே காரணம். ஐந்து தலைமுறைக்குப் பின் நம் வடபுறச் சுவரில் பத்துத் தைலவண்ணப் படங்கள் தொங்கி, அவற்றுள் எட்டினைச் சுவரோடு திருப்பிவைக்க நேருமானால், நாம் செலவழித்த பணம் சட்டத்துக்கும் வண்ணத்துக்குமே போனதாகும்.

ஒரு மறுப்பை எதிர்பார்க்கின்றோம். தூதுவரின் செயலை எழுதப் புகுந்தால் அரசியல் வந்து சேருமே, கல்லூரிச் சுவருக்கு அது ஆகுமா என்பர். உண்மை, வரும். லக்‌ஷ்மன் கதிர்காமர் அவர்களை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்து மானிப்பாயை வேராகக் கொண்ட குடும்பத்தவர். 1959 இல் ஒக்ஸ்போர்டு மாணவர் ஒன்றியத்தின் தலைவர். 1994 முதல் இலங்கையின் வெளிநாட்டமைச்சர். 2005 மார்ச்சில் ஒக்ஸ்போர்டு ஒன்றியம் அவர் உருவப்படத்தை அவர் முன்னிலையிலேயே திறந்துவைத்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் 12 ஆம் திகதி கொழும்பிலே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் கொள்கையைப் போற்றுவோரும் வெறுப்போரும் நம் சங்கத்துள்ளேயே இருக்கின்றனர். ஒரே மேசையில் அமர்ந்து தேநீர் அருந்துகின்றனர். அவர் படத்தை இங்கே மாட்டவேண்டும் என்று நாம் கூறவில்லை. அவர் நம் கல்லூரியர் அல்லர். எவர் படமாயினும், இன்னார் இன்ன ஆண்டில் இன்ன நாட்டுக்கு இன்னதைக் கூறச் சென்றார், இன்னது கிடைத்தது, இன்னது கிடைக்கவில்லை என்று ஐந்து வரி எழுதுவதற்குப் போற்றுதலும் தூற்றுதலும் வேண்டுவதில்லை. அவ்வைந்து வரியை எழுத நமக்குத் துணிவில்லையாயின், படத்தை மாட்டும் துணிவு மட்டும் எங்கிருந்து வந்தது?

தோல்வியை எழுதலாகாது என்போரும் உளர். பொன்னாடை போர்த்தும் கூட்டங்களில் நமக்குப் பழகிப்போன மொழி அது. அங்கே எவரும் தோற்றதில்லை, எவரும் இளைப்பாறியதில்லை, எல்லோரும் ‘அருஞ்சேவை’ ஆற்றினர். மாணவன் ஒருவனுக்கு அம்மொழியினால் ஒரு பயனும் இல்லை. தர்வீஷ் கான் படைகேட்டுச் சென்று பீங்கானோடு திரும்பினார் என்று எழுதினால், அவன் ஏன் என்று கேட்பான். அப்போது 1783 உடன்படிக்கையும், வறண்ட திறைசேரியும், ஆங்கிலேயரின் கடற்படையும், அவற்றின் பின்னே நம் நாடும் 1796 இல் அவ்வாங்கிலேயர் கையிற் சிக்கிய வரலாறும் ஒன்றன்பின் ஒன்றாய் அவனிடம் வந்து சேரும்.

ஆகவே எமது எதிர்ப்பிரேரணை இது. யூபிலி நிதியில் உருவப்படங்களுக்கென ஒதுக்க முன்மொழிந்த தொகையுள், முதலாவதாக, முன்னர்க் கூறிய மூன்றின் நல்ல பிரதிகள் எடுக்கப்படுக: தர்வீஷ் கான் படம், கொழும்பு மண்டபத்திலே கண்டித் தூதுவர் நிற்கும் படம், கோட்டேப் பொன்னுருவின் முடிசூட்டைக் காட்டும் தந்தப் பேழையின் படம். வடபுறச் சுவரில் முதலில் அவையே இடம்பெறுக. ஒவ்வொன்றின் கீழும் தமிழிலே கீழெழுத்து அமைக. மியூனிக் பேழையின் நிழற்படத்துக்கு உரியோரிடம் அனுமதி பெறவேண்டியிருக்கும். அக்கடிதத்தை எழுத நாம் ஆயத்தம். பின்னர், பழைய மாணவருள் தூதுப்பணி புரிந்தோரின் உருவங்கள் எழுதப்படுக. ஆயின், அவர்தம் கீழெழுத்து எழுதப்பட்டுச் சங்கத்தில் வாசித்து ஏற்கப்பட்ட பின்னரே ஓவியர்க்கு முற்பணம் கொடுக்கப்படுக. உயிரோடிருப்போர் தாமே தம் ஐந்து வரியை எழுதித் தருவாராயின் மிக நன்று. அவர் எழுதியதை மற்றோர் ஒருவர் சரிபார்ப்பாராயின் இன்னும் நன்று. படத்தின் பின்புறத்திலும் அதே வரிகள் அழியா மையில் எழுதப்படுக. சட்டங்கள் மாறும், கடைகள் மூடப்படும், ஊர்களும் எரியும்.

நூலக அலுமாரியின் மேலிருக்கும் அப்பெயரில்லாப் பெரியவரின் நிழற்படம் இம்மலரின் கடைசிப் பக்கத்தில் அச்சிடப்பட்டுள்ளது. கனடாவிலும், இங்கிலாந்திலும், அவுஸ்திரேலியாவிலும் வாழும் பழைய மாணவர்கள் தத்தம் இல்லத்து முதியவர்களிடம் அதனைக் காட்டுவாராக. 1983 இல் அப்படத்தைத் தெமட்டகொடைக் கடையிற் கொடுத்த அன்பர் எங்கேனும் இருந்து இதனைப் படிப்பாராயின், அவரது பற்றுச்சீட்டு இன்றும் செல்லும் எனக் கடைக்காரரின் மகன் கூறச்சொன்னார். விபரம் அறிந்தோர் அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன்னதாகச் சங்கச் செயலாளருக்கு எழுதுக.